வென்றவர்கள் எப்படிப் பிரிந்தார்கள்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இரண்டாம் உலகப் போரின் முடிவைப் பற்றி எழுதியபோது, "ஹிட்லரை வென்ற அமெரிக்காவும் ரஷ்யாவும் சில ஆண்டுகளிலேயே எதிரெதிர் அணிகளாயின" என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தோம். இம்முறை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியவை, அதாவது பனிப்போர் என்று பெயர்பெற்ற அந்தப் பகையைப் பற்றியவை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பனிப்போர் தொடங்கிய ஆண்டு ஒரு புத்தகத்தில் 1945, இன்னொன்றில் 1946, மூன்றாவதில் 1947 என்று இருக்கிறது. எதைப் படிப்பது?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஆரணி)

யாரும் அறிவித்துத் தொடங்கிய போர் இல்லை என்பதால் ஒவ்வொரு நூலாசிரியரும் ஒரு நிகழ்ச்சியைத் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார். 1945 என்பவர்கள் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா (பிப்ரவரி), போட்ஸ்டாம் (ஜூலை–ஆகஸ்ட்) மாநாடுகளில் எழுந்த பிணக்குகளைச் சொல்கிறார்கள்.

1946 என்பவர்களுக்கு அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மூன்று சான்றுகள் உண்டு. பிப்ரவரி 9 அன்று மாஸ்கோவில் ஸ்டாலின், முதலாளித்துவம் இருக்கும்வரை போர்களும் இருக்கும் என்ற பொருளில் பேசினார். பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன், சோவியத்தின் விரிவாக்கத்தைப் பொறுமையாகவும் உறுதியாகவும் தடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அடிப்படையாக அமைந்த நீண்ட தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். மார்ச் 5 அன்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர்ச்சில், ஐரோப்பாவின் குறுக்கே ஓர் இரும்புத்திரை இறங்கிவிட்டது என்ற 'இரும்புத்திரை' உரையை நிகழ்த்தினார்.

1947 என்பவர்கள் மார்ச் 12-ஐக் காட்டுகிறார்கள். கிரீஸ், துருக்கி நாடுகளுக்கு இனி உதவ எங்களிடம் பணம் இல்லை என்று பிரிட்டன் பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவிடம் கைவிரித்துவிட்டது. கிரீஸில் கம்யூனிஸ்டுகளுடன் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மூன்றே வாரத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் நின்று 40 கோடி டாலர் கேட்டார். கிரீஸுக்கு 30 கோடி, துருக்கிக்கு 10 கோடி. கம்யூனிஸத்தை எதிர்த்து நிற்கும் நாடுகளுக்கு உதவுவது என்ற இந்தக் கொள்கையே ட்ரூமன் கோட்பாடு.

எங்கள் கருத்தைக் கேட்டால், பிளவு உறுதியான நாள் 1947 ஜூலை 2. போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா முன்வைத்த உதவித் திட்டமான மார்ஷல் திட்டத்தைப் பேச பாரிஸுக்கு வந்திருந்த சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பாதியிலேயே கிளம்பிப் போன நாள் அது. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 1947 பிப்ரவரி 10 அன்றுகூட, இத்தாலி, ருமேனியா, ஹங்கேரி, பல்கேரியா, பின்லாந்து ஆகியவற்றுடனான சமாதான ஒப்பந்தங்களில் இரு தரப்பும் ஒரே மேசையில் கையெழுத்திட்டன. திட்டிக்கொண்டே பேரம் பேசிய அந்தக் காலம் ஜூலை 2-ஓடு முடிந்தது. செப்டம்பரில் ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகளை ஒருங்கிணைக்கும் 'காமின்ஃபார்ம்' உருவானது. உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்துவிட்டது என்று சோவியத் தலைவர்களில் ஒருவரான ஸ்தானோவ் அங்கே வெளிப்படையாகவே அறிவித்தார்.

விரிவான விடை எழுதும்போது ஒரே ஆண்டைப் பிடித்துக்கொள்ளாமல் 1945-லிருந்து 1947 வரை காரண வரிசையாக எழுதுங்கள். கென்னன் தந்தி சர்ச்சில் உரைக்கு முன்னால் வருகிறது. பலர் மாற்றி எழுதுவது இங்கேதான்.

தோளோடு தோள் நின்று போரிட்டவர்களுக்குள் அவ்வளவு சீக்கிரம் பகை வர என்ன காரணம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்)

ஐயா, அது பொது எதிரிக்காகச் செய்துகொண்ட கூட்டு. 1918-ல் ரஷ்ய உள்நாட்டுப் போரில் ஆர்க்காங்கெல்ஸ்க், விளாடிவோஸ்டாக் துறைமுகங்களில் அமெரிக்கப் படை இறங்கியதை மாஸ்கோ மறக்கவில்லை. சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரித்ததே 1933-ல்தான். 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஸ்டாலின் ஒப்பந்தம் செய்துகொண்டதை மேற்கு நாடுகளும் மறக்கவில்லை.

போர் நடக்கும்போதே மனக்கசப்பு ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே இரண்டாவது போர்முனையைத் திறக்கச் சொல்லி ஸ்டாலின் நச்சரித்துக்கொண்டே இருந்தார். பிரான்ஸின் நார்மண்டியில் படை இறங்கியது 1944 ஜூன் 6 அன்றுதான். போர் முடிந்தபோது சோவியத் யூனியன் இழந்த உயிர்கள் சுமார் 2.7 கோடி; அமெரிக்கா இழந்தது சுமார் 4 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், எல்லையோரத்து நாடுகள் தன் பிடியில் இருக்க வேண்டும் என்று ஸ்டாலின் ஏன் அடம்பிடித்தார் என்பது விளங்கும். அந்த நாட்டு மக்களிடம் அதற்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் அதே அளவு முக்கியம்.

1944 அக்டோபர் 9 இரவு, கிரெம்ளினில் சர்ச்சில் ஒரு காகிதத் துண்டில் எழுதினார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யுகோஸ்லாவியா, ஹங்கேரி பாதிப்பாதி, பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் ஏதென்ஸில் பிரிட்டிஷ் படை கம்யூனிஸ்ட் போராளிகளோடு மோதியபோது ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. ருமேனியாவில் தான் செய்வதற்கும் அதே மௌனத்தை அவர் எதிர்பார்த்தார்.

ஆனால் அந்தக் காகிதத்தில் போலந்து இல்லை. பிரிட்டன் போரில் இறங்கியதே போலந்துக்காக. ரஷ்யாவுக்கோ, படையெடுத்து வந்தவர்கள் நுழைந்த வாசலே போலந்து. யால்டாவில் "சுதந்திரமான, தடையற்ற தேர்தல்" நடத்துவதாக எழுதினார்கள். யார் மேற்பார்வையிடுவது, வேட்பாளரை யார் தடுக்கக் கூடாது என்பதற்கு உறுதியான ஏற்பாடு எதுவும் எழுதப்படவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ராணுவ ஆலோசகர் அட்மிரல் லேஹி அவரிடமே குறை சொன்னார்: யால்டாவிலிருந்து வாஷிங்டன் வரை இழுத்தாலும் அறுந்துபோகாத வாசகம் இது என்று. 1945 மார்ச்சில் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட்ட 16 போலந்துத் தலைவர்கள் சோவியத் அதிகாரிகளால் கைது செய்யப்பட்டார்கள். 1947 ஜனவரியில் நடந்த தேர்தல் முறைகேடுகள் நிறைந்தது. இதற்கிடையே 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்துவிட, பதவிக்கு வந்த ட்ரூமன் பதினொரு நாளில் மொலோடோவிடம் கடுமையாகப் பேசினார். அதே ஆண்டு மே மாதம் ரஷ்யாவுக்கான போர்க்கால உதவிக் கப்பல்கள் திடீரென்று நிறுத்தப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் ஓரளவு மீண்டும் அனுப்பப்பட்டாலும் மாஸ்கோவின் மனதில் அது ஆறாத காயமாகவே நின்றது.

ஜப்பான் மீது அணுகுண்டு போட்டது ரஷ்யாவை மிரட்டத்தான் என்கிறார்களே?
(வாசகி, வாணியம்பாடி)

முதல் நோக்கம் போரைச் சீக்கிரம் முடிப்பது என்பதே எங்கள் கருத்து. ரஷ்யாவைப் பணிய வைக்க அது உதவும் என்ற எண்ணமும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பைர்ன்ஸ் போன்றோரிடம் இருந்தது. ஆனால் பகையை வளர்த்ததில் குண்டுக்கு நிகரான பங்கு மறைத்ததற்கு உண்டு. 1945 ஜூலை 16 அன்று சோதனை வெற்றி. ஜூலை 24 அன்று போட்ஸ்டாமில் கூட்டம் கலைந்த நேரத்தில் ட்ரூமன் மேசையைச் சுற்றி வந்து, வழக்கத்துக்கு மாறான அழிவுசக்தி கொண்ட புதிய ஆயுதம் எங்களிடம் இருக்கிறது என்று போகிற போக்கில் ஸ்டாலினிடம் சொன்னார். 'அணு' என்ற சொல்லே வரவில்லை. கிளாஸ் ஃபுக்ஸ் போன்ற உளவாளிகள் மூலம் ஸ்டாலினுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். ஆகஸ்ட் 20 அன்று, ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா தலைமையில் அணுகுண்டுக்கென்று தனிக்குழு அமைத்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டில், 1949 ஆகஸ்ட் 29 அன்று, கசகஸ்தானின் செமிபலாடின்ஸ்க்கில் சோவியத் குண்டு வெடித்தது.

மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்தது கடனா, இனாமா? பணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?
(சிறுதொழில் நடத்துபவர், ராணிப்பேட்டை)

பெரும்பகுதி இனாம், சிறு பகுதி கடன். 1948 முதல் 1952 வரை சுமார் 1,300 கோடி டாலர். அதிகம் பெற்றது பிரிட்டன், அடுத்தது பிரான்ஸ்.

டாலர் கட்டுகள் ஐரோப்பாவுக்குப் போகவில்லை, சரக்கு போனது. ஒரு பிரெஞ்சு விவசாயிக்கு அமெரிக்க டிராக்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கம்பெனிக்கான விலையை அமெரிக்க அரசு டாலரில் கொடுத்துவிடும். டிராக்டர் அந்த விவசாயிக்கு இலவசம் இல்லை. தன் நாட்டுப் பணமான பிராங்கில் அவர் விலையைக் கட்ட வேண்டும். அந்த பிராங்க், பிரெஞ்சு அரசின் தனிக் கணக்கில் சேரும். அதில் 5 சதவீதம் அமெரிக்காவின் செலவுக்கு. மீதி 95 சதவீதத்தை அமெரிக்காவின் ஒப்புதலோடு பிரெஞ்சு அரசு மின்நிலையம், ரயில், நிலக்கரிச் சுரங்கம் என்று முதலீடு செய்யலாம். பிரிட்டன் தன் பங்கைப் பெரும்பாலும் அரசுக் கடனை அடைக்கப் பயன்படுத்தியது. டாலர் தட்டுப்பாடும் தீர்ந்தது, உள்நாட்டு முதலீடும் கிடைத்தது.

ஸ்டாலின் இதை மறுத்ததற்கான காரணம் திட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. உதவி பெறும் நாடுகள் தங்கள் பொருளாதாரக் கணக்குகளைத் திறந்துகாட்டிக் கூட்டாகத் திட்டமிட வேண்டும். ஜெர்மனியும் அதில் சேர்ந்து மீண்டும் எழும். இரண்டையும் மாஸ்கோவால் ஏற்க முடியவில்லை. மொலோடோவ் சுமார் நூறு ஆலோசகர்களுடன் பாரிஸுக்கு வந்தார் என்பதைப் பார்த்தால், தொடக்கத்தில் அவர்கள் பரிசீலிக்கவே செய்தார்கள் என்று தெரிகிறது. செக்கோஸ்லோவாகியா முதலில் வருகிறோம் என்றது; ஜூலை 9 அன்று அதன் தலைவர்கள் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டார்கள்; மறுநாளே வரவில்லை என்று அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் அங்கே கம்யூனிஸ்டுகள் முழு ஆட்சியையும் கைப்பற்றினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் தயங்கிக்கொண்டிருந்தவர்களும் அதற்குப் பிறகு திட்டத்துக்குக் கை தூக்கினார்கள்.

என்னிடம் 'சீரி 1944' என்று அச்சிட்ட ஜெர்மன் மார்க் நோட்டு இருக்கிறது. இதற்கும் பனிப்போருக்கும் தொடர்பு உண்டா?
(பழைய நோட்டு சேகரிப்பவர், வேலூர்)

நேரடித் தொடர்பு உண்டு. அது நேச நாட்டுப் படைகள் ஜெர்மனியில் புழங்கவிட்ட ராணுவ மார்க். வரிசை எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தால் அது சோவியத் தரப்பு அச்சிட்டது. கோடு இல்லாமல் எண்ணில் தொடங்கினால் அமெரிக்காவில் அச்சானது.

1944-ல் அமெரிக்கக் கருவூலத் துறை இந்த நோட்டுக்கான அச்சுத் தகடுகளின் நகலை ரஷ்யர்களிடம் கொடுத்தது. யார் எவ்வளவு அடித்தார்கள் என்று கணக்குக் காட்டும் ஏற்பாடு இல்லை. சோவியத் சிப்பாய்களுக்கு நிலுவைச் சம்பளம் இந்த நோட்டிலேயே வந்தது. ஊருக்குக் கொண்டுபோய் ரூபிளாக மாற்ற முடியாது. எனவே பெர்லின் கள்ளச்சந்தையில் அமெரிக்கச் சிப்பாயிடம் கைக்கடிகாரம் வாங்கினார்கள். அந்தச் சிப்பாய் அதே நோட்டை 10 மார்க்குக்கு 1 டாலர் வீதம் மாற்றி வீட்டுக்கு அனுப்பினார். கடைசியில் ரஷ்யா அச்சிட்ட நோட்டுக்கு டாலர் கொடுத்தது அமெரிக்கக் கருவூலம். ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு தேய்ந்து சிகரெட்டே பணமாகப் புழங்கியது.

தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா நான்கும் நான்கு மண்டலங்களாகப் பிரித்து ஆண்டன. சோவியத் மண்டலத்துக்குள் இருந்த பெர்லினும் அப்படியே நான்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகு, புதிய நாணயத்தை நான்கு நாடுகளும் சேர்ந்து வெளியிட்டாலும் தகடு ரஷ்யர் கைக்குப் போகக் கூடாது என்று அமெரிக்கா நின்றது. பேச்சு முறிந்தது. 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மண்டலங்களில் மட்டும் டாய்ச் மார்க் வந்தது. ஆளுக்கு 40 மார்க் கையில், மேலும் 20 பிறகு. செல்லாமல் போன பழைய நோட்டுகள் சோவியத் மண்டலத்துக்குள் வெள்ளமாகப் பாயும் என்பதால் அவர்களும் உடனே மாற்ற வேண்டியதாயிற்று. புது நோட்டு தயாராக இல்லாததால் பழைய நோட்டின் மேலேயே சிறு முத்திரைச் சீட்டை ஒட்டி வெளியிட்டார்கள். பெர்லின் முழுவதிலும் அதுவே செல்லும் என்று ரஷ்யா சொன்னது. மேற்கு நாடுகள் மறுத்து, தங்கள் பகுதிகளில் 'பி' முத்திரையிட்ட டாய்ச் மார்க்கை விட்டன. ஜூன் 24 அன்று பெர்லினுக்கான சாலை, ரயில், நீர்வழி மூன்றும் அடைபட்டன.

20 லட்சம் பேருக்கு மேல் இருந்த மேற்கு பெர்லினுக்கு விமானத்தில் சோறு போட்டது நம்பும்படியாக இல்லையே? ரஷ்யா ஏன் விமானங்களைச் சுடவில்லை?
(விமானத் துறையில் ஆர்வமுள்ள வாசகர், அரக்கோணம்)

சுடாததற்குக் காரணம் காகிதத்தில் இருந்தது. 1945 நவம்பர் 30 அன்று, மேற்கு ஜெர்மனியிலிருந்து பெர்லினுக்கு, ஒவ்வொன்றும் 20 மைல் அகலமுள்ள மூன்று வான்வழிகள் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. சாலைக்கும் ரயிலுக்கும் அப்படி எழுத்து இல்லை. எனவே 'பராமரிப்பு வேலை' என்று சொல்லிச் சாலையை அடைக்க முடிந்தது. வான்வழியை அடைக்க வேண்டுமானால் முதல் குண்டை ரஷ்யாவே சுட்டாக வேண்டும்.

உணவுக் கணக்கைப் பாருங்கள். நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 1,534 டன்: மாவும் கோதுமையும் 646 டன், உலர்த்திய உருளைக்கிழங்கு 180, சர்க்கரை 180, உலர்த்திய காய்கறி 144, இறைச்சியும் மீனும் 109, உப்பு 38, குழந்தைகளுக்கு நல்ல பால் 5 டன் என்று பட்டியல் போகிறது. உருளைக்கிழங்கை உலர்த்தி அனுப்பியதற்குக் காரணம், பச்சைக் கிழங்கின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உணவைவிடப் பெரிய சுமை நிலக்கரி. மொத்தமாகப் பறந்த சுமார் 23 லட்சம் டன்னில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுவே.

முதல் வாரங்களில் பயன்பட்ட சி-47 விமானம் சுமார் 3 டன்தான் தூக்கும். 10 டன் தூக்கும் சி-54 வந்த பிறகுதான் கணக்கு ஒத்துவந்தது. ஆனால் பெரிய விமானம் மட்டும் போதவில்லை. 1948 ஆகஸ்ட் 13 அன்று மழையிலும் மேகத்திலும் ஒரு விமானம் இறங்கும்போது எரிந்துபோக, பின்னால் வந்தவை பெர்லினுக்கு மேலே அடுக்கடுக்காக வட்டமடித்து மோதும் நிலைக்கு வந்தன. பொறுப்பிலிருந்த ஜெனரல் டன்னர் அதோடு முறையை மாற்றினார். இவர் போர்க்காலத்தில் நம் அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்கு விமானச் சரக்குப் போக்குவரத்தை நடத்தியவர்.

அவருடைய விதிகள் இவை. வடக்கு, தெற்கு வழிகள் உள்ளே வர. நடு வழி வெளியேற. விமானங்களுக்கு இடையே மூன்று நிமிட இடைவெளி, ஒரே வேகம். வானம் தெளிவாக இருந்தாலும் கருவிகளைப் பார்த்தே ஓட்ட வேண்டும். முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் இரண்டாவது முயற்சி கிடையாது. சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு விமானம் வட்டமடித்தால் பின்னால் வருபவை அத்தனையும் தடுமாறும் என்பதே காரணம். பெர்லினில் விமானிகள் விமானத்தைவிட்டு அகலக் கூடாது. சிற்றுண்டி வண்டியும் வானிலைத் தகவலும் அவர்களைத் தேடி வரும்.

கெட்டுப்போனதும் உண்டு. நிலக்கரித் தூள் மூட்டையிலிருந்து கசிந்து, தரைப் பலகைக்கு அடியில் மின்கம்பிகளையும் கட்டுப்பாட்டுக் கேபிள்களையும் அரித்தது. உப்பு அதைவிட மோசம். அதனால் உப்பை பிரிட்டனின் சண்டர்லாந்து கடல் விமானங்களில் ஏற்றி ஹாஃபெல் ஏரி நீரில் இறக்கினார்கள். கடல் நீருக்கென்றே கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் உடல் அரிப்பைத் தாங்கும். கேபிள்களும் கூரையோரமாகப் போகும். குளிர்காலத்தில் நீர் உறையும் ஆபத்து வந்ததும் அதையும் நிறுத்திவிட்டு, விமானத்தின் வயிற்றுக்கு வெளியே தொங்கும் பெட்டிகளில் உப்பை வைத்து அனுப்பினார்கள்.

டெகல் விமானதளத்தைப் பெர்லின் மக்களே, பெரும்பாலும் பெண்கள், குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லைப் போட்டு மூன்று மாதத்தில் கட்டினார்கள். முற்றுகை 1949 மே 12 அன்று விலக்கப்பட்டது. கையிருப்புக்காகச் செப்டம்பர் வரை பறந்தார்கள். மொத்தம் சுமார் 2,78,000 நடைகள். சுமார் நூறு பேர் இந்தப் பணியில் உயிரிழந்தார்கள். அதே 1949-ல், மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவுக்கான 12 நாடுகளின் ஒப்பந்தம் ஏப்ரல் 4 அன்றும், மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டம் மே 23 அன்றும், கிழக்கு ஜெர்மனி அக்டோபர் 7 அன்றும் வந்தன.

இந்தச் சண்டை நம் பக்கத்தை எப்படித் தொட்டது?
(தோல் தொழிற்சாலை ஊழியர், ஆம்பூர்)

1946 செப்டம்பர் 7 வானொலி உரையிலேயே நேரு, ஒன்றையொன்று எதிர்க்கும் வல்லரசு அணிகளிலிருந்து கூடியவரை விலகி நிற்போம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கொள்கையை மாஸ்கோவில் நேரில் விளக்கியவர்களில் ஒருவர் நம் வட்டாரத்தவர். அன்றைய வட ஆற்காட்டில் சேர்ந்திருந்த திருத்தணியில் பிறந்து வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1949 முதல் 1952 வரை அங்கே இந்தியத் தூதர். முதல் தூதர் விஜயலட்சுமி பண்டிட்டைச் சந்திக்காத ஸ்டாலின், இவரை 1950 ஜனவரியிலும் 1952 ஏப்ரலிலும் சந்தித்தார்.

உங்கள் தொழிலைத் தொட்டது பிந்திய காலம். ரஷ்யாவுடன் டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே வியாபாரம் செய்யும் ஏற்பாடு இருந்ததால், 1980களில் அந்த நாடு இந்தியத் தோல் பொருள்களையும் ஷூ அப்பர்களையும் ஏராளமாக வாங்கியது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்த ஆர்டர்கள் சரிந்தன. அதன் பிறகு மேற்கு ஐரோப்பியச் சந்தையின் தர விதிகளுக்கு ஏற்ப மாற வேண்டியதாயிற்று.

மாணவர்களுக்கு இரும்புத்திரைப் படம் வரைந்து காட்ட வேண்டும். சர்ச்சில் சொன்ன ஊர்களை இணைத்தால் சரியாக வரவில்லை. தவறு எங்கே?
(சமூக அறிவியல் ஆசிரியை, திருப்பத்தூர்)

தவறு உங்களிடம் இல்லை. அவர் சொன்னது பால்டிக் கரையின் ஸ்டெட்டின் முதல் ஏட்ரியாட்டிக் கரையின் ட்ரியஸ்டே வரை. நேர்கோடு போட்டால் ஜெர்மனியின் சோவியத் மண்டலமும் பெர்லினும் கோட்டுக்கு மேற்கே விழுந்துவிடும். பேசும்போது அவர் பிரதமரும் இல்லை. முந்தைய ஆண்டு தேர்தலில் தோற்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர்.

படத்தை இப்படி வரையுங்கள். கோட்டை லூபெக் நகருக்குக் கிழக்கே தொடங்கி, ஜெர்மனியின் சோவியத் மண்டல எல்லை வழியாக, செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி ஆகியவற்றின் மேற்கு எல்லையோரம் இறக்குங்கள். செக்கோஸ்லோவாகியாவுக்குப் பக்கத்தில் '1948 பிப்ரவரி' என்று எழுதுங்கள். சர்ச்சில் பேசியபோது அங்கே கூட்டணி அரசு இருந்தது. யுகோஸ்லாவியாவைத் தனி நிறத்தில் காட்டுங்கள். 1948 ஜூனில் அது ஸ்டாலினின் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆஸ்திரியாவும் வியன்னாவும் 1955 வரை நான்கு நாடுகளின் பிடியில் இருந்ததால் அங்கே கோடிட்ட நிழல் போதும்.

பெர்லினை எல்லையில் வைக்காதீர்கள். மாணவர்கள் செய்யும் பெரிய பிழை அதுதான். ஹெல்ம்ஷ்டெட் எல்லைச் சாவடியிலிருந்து பெர்லினுக்குச் சாலை வழி 170 கிலோமீட்டருக்கு மேல். வேலூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிட அதிகம். முழுத் தூரமும் சோவியத் மண்டலம். பெர்லின் சுவரையும் இந்தப் படத்தில் போட வேண்டாம்; அது 1961 ஆகஸ்ட் 13 அன்று எழுந்தது. 1948-க்கான படத்தில் அதற்குப் பதிலாக ஹாம்பர்க், ஹனோவர், பிராங்க்பர்ட் பக்கங்களிலிருந்து பெர்லினுக்கு வரும் மூன்று பட்டைகளைப் போட்டு, இரண்டில் உள்நோக்கியும் நடுவில் வெளிநோக்கியும் அம்புக்குறி இடுங்கள்.